எட்டுக் கொம்பும் ஒரு சுவரும்

1

இந்தக் கதை கூத்தாநல்லூரில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் எனக்குக் கிடைத்தது. நான் போனது சார்ஜர் வாங்க. எனக்கு முன்னால் ஒரு பெண்ணும் அவள் அப்பாவும் ரவுட்டர் வாங்க நின்றிருந்தார்கள். நகர்வதாகத் தெரியவில்லை. முதலில் எரிச்சலாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் சார்ஜரே மறந்துபோயிற்று.

கடையில் பார்த்ததும் கேட்டதும்தான் எனக்குத் தெரியும். மிச்சம் நான் கட்டுவது. எந்த இடத்திலிருந்து கட்டுகிறேன் என்பதையும் சொல்லிவிடுவேன். பெயர்களும் என்னுடையவைதான்: பெண்ணுக்கு மதிவதனி, அப்பாவுக்கு வைரக்கண்ணு, கடைக்காரருக்கு ஜாஃபர் சாதிக்.

ஒரே ஒரு பிடிவாதத்தோடு உட்கார்ந்திருக்கிறேன். இதை அழுகைக் கதையாக்க மாட்டேன்.

2

முதல் தொடக்கம்: ‘காவிரியின் கடைமடையில், அறுவடை முடிந்த வயல்களுக்கு அப்பால், மாலை வெயில் மெல்ல—’

நிறுத்திவிட்டேன். ரவுட்டர் வாங்க வந்தவளை எதற்கு வயலில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும்?

இரண்டாவது: ‘வேகமான இணையம் இன்றைய வாழ்வின்—’

இது கடைச் சுவரில் ஒட்டியிருந்த விளம்பரம். என்னை அறியாமல் வந்துவிட்டது.

மூன்றாவது: ‘வைரக்கண்ணு பேசாத மனிதர்.’

இது சுத்தப் பொய். அன்றைக்குக் கடையில் எங்கள் எல்லோரையும்விட அவர்தான் அதிகம் பேசினார். பிறவியிலிருந்தே காது கேளாதவர், கையால் பேசுகிறவர். எனக்கு அந்த மொழி தெரியாததை அவருடைய குணமாக எழுதப் பார்த்திருக்கிறேன். அடித்தாயிற்று.

சரி, நேராகக் கடைக்குப் போவோம்.

3

“பாய், இந்தப் பெட்டியோட சிக்னலும் சுவத்தத் தாண்டல,” என்று ஒரு ரவுட்டரைக் கண்ணாடி மேசைமேல் வைத்தாள் மதிவதனி.

“அப்படி என்னம்மா வேலை பாக்குறே? ஊர்ல எல்லாருக்கும் இது போதுமானதா இருக்கு.”

“ஆஸ்பத்திரிக்கு சைகை மொழி பெயர்க்கிறேன். வீடியோவுல. காது கேக்காதவங்க டாக்டர்கிட்ட போனா, அவங்க கையால சொல்றத நான் வாயால டாக்டருக்குச் சொல்லணும். போன வாரம் ஒரு அம்மா எங்க வலிக்குதுன்னு காட்டுறாங்க, படம் அப்படியே நின்னுடுச்சு. கை பாதியில நிக்குது. நெஞ்சா, வயிறான்னே தெரியல. நான் என்னன்னு சொல்றது?”

ஜாஃபர் சாதிக் பெட்டியைத் திருப்பிப் பார்ப்பதை நிறுத்தினார்.

“இன்னொரு தடவை நின்னா சென்னைக்கு வந்து ஆபீஸ்ல உக்காந்து வேலை பாருன்னு கம்பெனியில சொல்லிட்டாங்க. திங்கக்கிழமை என் லைன டெஸ்ட் பண்ணுவாங்க.”

“போய்த்தான் பாரேன்மா. சம்பளமும் கூட வரும்.”

“நான் போயிட்டா எங்கப்பா யாருகிட்ட பேசுவாரு?”

அவள் அம்மா இறந்த பிறகு, அந்த ஊரில் அவர் கையைப் படிக்கத் தெரிந்தவள் மதிவதனி ஒருத்திதான். மற்றவர்களுக்குச் சாப்பாடு, மழை, பஸ் வரைக்கும் தெரியும். அதற்கு மேல் எல்லோரும் சிரித்துத் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்களாம். இதை அவளே சொன்னாள், நான் சேர்க்கவில்லை.

பிறகு கண்ணாடியில் விரலால் வீட்டை வரைந்து காட்டினாள். முன்பக்கம் ஹால். ஃபைபர் வயர் அங்கேதான் வந்து இறங்குகிறது. ஹாலின் பின்சுவரை ஒட்டி, பிற்பாடு சேர்த்துக் கட்டிய அறை. அதற்கு வாசல் கொல்லைப்பக்கம் மட்டும். நோயாளி சொல்வதை வேறு யாரும் பார்க்கக் கூடாது என்பதால் அந்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டுதான் வேலை பார்க்க முடியும். நடுவில் தடித்த செங்கல் சுவர். சுவரோரம், ஹாலுக்குள், ஆள் உயரத்துக்கு மேல் நெல் மூட்டை. ஈரப்பதம் அதிகம் என்று கொள்முதல் நிலையத்தில் எடுக்காத நெல்.

“ஈர நெல்லா? அது பாதி சிக்னலக் குடிச்சிருமேம்மா,” என்ற ஜாஃபர், உள்ளே போய்ப் பெரிய பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். எட்டு ஆன்டெனா.

வைரக்கண்ணு அதைப் பார்த்தார். இரண்டு கையையும் தலைக்கு மேல் வைத்து, நான்கு நான்கு விரலாக எட்டுக் கொம்பு முளைக்க வைத்தார். பிறகு ஏதோ கேட்டார்.

“இத்தன கொம்பு வச்ச மாட்ட எங்க கட்டுறதுன்னு கேக்குறாரு,” என்றாள். கடையே சிரித்தது. எனக்கும் தாங்கவில்லை.

“சுவத்துல ஒரு ஓட்டை போட்டு வயர அந்தப் பக்கம் விட்டுட்டா, ரெண்டு கொம்புப் பெட்டியே போதும்மா. ஹால்ல ஒண்ணு, ரூம்ல ஒண்ணு,” என்றார் ஜாஃபர்.

அதை அவள் கையால் அப்பாவுக்குச் சொன்னாள். அவர் கை படபடவென்று பதில் சொன்னது. அவள் குரல் மாறாமல் எங்களுக்குத் திருப்பிச் சொன்னாள்: “ஓட்டையே கூடாதுங்கிறாரு. மண்ணு வீட்டுல இருந்தப்ப ஒவ்வொரு மழைக்கும் தண்ணி எந்தச் சந்துல வரும்னு பாத்துக்கிட்டே கெடந்தாராம். இந்தச் சுவரு அவரே எழுப்புனது. உள்சுவரா இருந்தாலும் ஓட்டை போட்டா தண்ணி வழி கண்டுபுடிச்சிரும்ங்கிறாரு.” பிறகு தன் பங்குக்கு, “ஆணிகூட அடிக்க விடமாட்டாரு பாய். காலண்டர் ஜன்னல் கம்பியிலதான் தொங்குது,” என்றாள்.

தனக்கு எதிரான வாதத்தை ஒரு சொல் குறைக்காமல் மொழிபெயர்த்தாள். அந்த நிமிடத்தில் எனக்கு அவள்மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது.

[கேட்கத் தோன்றும்: வயரை வீட்டைச் சுற்றி வெளியே கொண்டுபோனால் என்ன? போட்டார்களாம். அறுவடை முடிந்ததும் வயல் எலியெல்லாம் வீட்டுப் பக்கம் வரும். இரண்டு முறை கடித்துவிட்டன.]

4

மதிவதனி எட்டுக் கொம்பைத் தள்ளி வைத்தாள்.

“சின்னது ரெண்டு குடுங்க பாய். வயர் ஒரு சுருள். டிரில்லிங் மிஷின் இருக்கா?”

“இருக்கு. கொண்டுபோயிட்டுத் திருப்பிக் குடு.”

வயர்ச் சுருளைப் பார்த்ததும் வைரக்கண்ணு அவளிடம் ஏதோ சொன்னார். நீளமாக. கடைசியில் வலது உள்ளங்கையை விரித்து நிறுத்தினார். அதை மட்டும் அவள் எங்களுக்குச் சொல்லவில்லை. பதிலும் கையாலேயே சொன்னாள். ஜாஃபரும் நானும் என்னவென்று கேட்கவில்லை. வைரக்கண்ணு சற்று யோசித்துவிட்டு, சுருளை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்தார். அவள் பின்னால் போனாள்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இனிமேல் கட்டுமானம்.

5

முடிவு ஒன்று: நெல் உலர்கிறது, கொள்முதல் நிலையம் எடுத்துக்கொள்கிறது, சிக்னல் தாண்டுகிறது. அடுத்த அறுவடைக்கு என்ன செய்வாள்? வேண்டாம்.

முடிவு இரண்டு: அவள் சென்னைக்குப் போகிறாள். மாலையில் அப்பா ஹாலில் உட்கார்ந்து வீடியோவில்— இல்லை. இது நேராக அழுகைக்குப் போகிற வழி. ஒன்றாம் பகுதியில் சொன்ன சொல் இருக்கிறது.

முடிவு மூன்று: அப்பா வயலுக்குப் போன நேரம் அவள் ரகசியமாகத் துளைக்கிறாள். அவள் இதைச் செய்ய மாட்டாள். அவருடைய ‘கூடாது’வை முன்பின் தெரியாத எங்களுக்கே அப்படியே சொன்னவள், வீட்டில் போய் ஏமாற்றுவாளா?

ஆகவே, அவள் மொழிபெயர்க்காத அந்தப் பேச்சைத்தான் நான் மொழிபெயர்த்தாக வேண்டும். கடையில் அவர் விரித்து நிறுத்திய உள்ளங்கையை முதலில் ‘நிறுத்து’ என்றுதான் எழுதினேன். கோபமான அப்பாவாக அவர் வசதியாக இருந்தார். ஆனால் கோபக்காரர் எதற்கு வயரைத் தோளில் சுமந்துகொண்டு போகிறார்?

இப்படி எழுதுகிறேன்: “போட்டுத்தான் ஆகணும்னா எடத்த நான் காட்டுறேன். அந்தப் பக்கம் என் கை இருக்கும்.”

6

ஞாயிற்றுக்கிழமை. இருவரும் சுவரோர மூட்டைகளில் நான்கைந்தை நகர்த்துகிறார்கள். வைரக்கண்ணு சுவரைத் தடவி, தண்ணீர் தேங்கினாலும் எட்டாத உயரத்தில், செங்கல் இணைப்புக்கு நடுவே கரித்துண்டால் ஒரு புள்ளி வைக்கிறார். பூசி அடைக்கச் சிமெண்டும் குழைத்தாயிற்று. பிறகு கொல்லை வழியாகச் சுற்றிப் பின்னறைக்குப் போகிறார்.

எழுதும்போது எனக்கே உறைத்தது. அவர் அந்தப் பக்கம் போய்விட்டால் இருவருக்கும் இடையே பேச்சு கிடையாது. அவள் கத்தினாலும் அவருக்குக் கேட்காது. அவர் கை அவளுக்குத் தெரியாது. அவர்கள் வாழ்க்கையில் அந்தச் சுவர் முதல் தடவையாக உண்மையிலேயே குறுக்கே நிற்கிறது.

அதற்கும் அவர் வழி சொல்லியிருக்கிறார். புள்ளிக்கு நேர் பின்னால், ஒரு விரற்கடை தள்ளி, உள்ளங்கையை வைத்திருப்பார். சுவர் அதிர்வது கையில் தெரியும். மிஷின் முனை நெருங்கிவிட்டது என்று பட்டால் இரண்டு தட்டுத் தட்டுவார். அவள் நிறுத்த வேண்டும். கடைசிப் பூச்சு பெயராமல், மிச்சத்தை அந்தப் பக்கமிருந்து அவரே தன் உளியால் திறப்பார்.

அவள் மிஷினைப் புள்ளியில் வைத்து—

இந்த வாக்கியத்தை நான் முடிக்கப்போவதில்லை. முனை உள்ளே போனபிறகு, சத்தத்துக்கு நடுவே அந்தத் தட்டு கேட்குமா என்பது மிஷினைப் பிடித்திருப்பவர் கவனத்தைப் பொறுத்தது. நான் இதுவரை அவர் பேசியதை ஒழுங்காகக் கேட்டவன் இல்லை. மூன்றாவது தொடக்கத்தையும், அந்த ‘நிறுத்து’வையும் பார்த்தீர்கள்.

அதனால் மிஷின் உங்கள் கையில். நாளை திங்கட்கிழமை. அவள் இங்கேயே இருக்கப்போகிறாள் என்று நான் முடிவு செய்துவிட்டேன், அதை மாற்ற விடமாட்டேன். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். அழுத்துங்கள், மெதுவாக. அந்தப் பக்கம் அவர் கை இருக்கிறது. தட்டினால் நிறுத்துங்கள்.