சாவிக்குப் பேசிய பேரம்

புதுக் கணினி வாங்கிய அன்றே என் மனைவிக்கு என்னை அடையாளம் தெரியாமல் போனது. இது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். நான் நான்தான் என்பதற்கான ரகசியச் சாவி பழைய கணினிக்குள் இருந்தது.

விருதுநகரில் மிளகாய் வற்றல் வியாபாரம் செய்கிறவன் மெயிலில் விலையை அடுத்தவன் படிக்க முடியாதபடி பூட்டித்தான் அனுப்புவான். பூட்டுகிற மென்பொருள் சாவியோடு நம் முகத்தையும் வாங்கி வைத்துக்கொள்ளும்.

தங்கபுஷ்பம் கதவைப் பாதி திறந்து நின்றாள்.

"யாருங்க வேணும்?"

"நான்தான் தங்கம்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. சாவி இருக்கா?"

"பழைய கம்ப்யூட்டர்ல இருக்கு."

"எடுத்துட்டு வாங்க. அது போயிருச்சுன்னா எங்க வீட்டுக்காரரும் போயிட்டார்னு வச்சுக்கிட வேண்டியதுதான்."

கடைக்கு ஓடினேன். பழைய இரும்பு எடுக்கும் காசிம் பாய் ஏற்கெனவே கணினியின் திருகுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் பொறுங்க பாய்."

"நீங்க உள்ள போயிட்டு வாங்க மொதலாளி. நான் வெளிய என் வேலையப் பாக்கேன்."

செட்டிங்ஸுக்குள் போனேன். நீண்ட நடை. இரண்டு பக்கமும் கதவுகள். எழுத்தின் அளவு என்ற அறையில் ஒருவர் ஓர் எழுத்தை மிதித்துச் சிறிதாக்கிக்கொண்டிருந்தார். ஒலி என்ற அறையில் எல்லோரும் தூங்கினார்கள். சாவி என்று எந்தக் கதவிலும் எழுதவில்லை. நான் நடக்க நடக்க நடையும் நீண்டது. வெளியே ஒரு திருகு கழன்றது. எனக்குப் பின்னால் ஒரு விளக்கு அணைந்தது.

மேலும் என்று எழுதிய ஒரு கதவு இருந்தது. திறந்தேன். உள்ளே இன்னொரு மேலும். அதற்குள் எங்கள் மிளகாய்ச் சந்தைத் தரகர் மாரிக்கனி மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். மடியில் துண்டு.

"சாவி வேணும் அண்ணாச்சி."

"பொதுச் சாவின்னா அந்தா ஆணியில தொங்குது. போறவன் வர்றவன் எல்லாம் எடுத்துக்கிடலாம்."

"ரகசியச் சாவி."

"அப்ப கையக் குடும்."

கைகளைத் துண்டால் மூடினார். எங்கள் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. துண்டுக்கடியில் விரலைப் பிடித்துச் சொல்வோம். சாவியும் அப்படித்தான் வந்தது. மூன்று விரல். ஒரு விரல். உள்ளங்கையில் ஒரு கீறல். மறுபடி மூன்று. நீளமான சாவி. விளக்குகள் அணைந்துகொண்டே வந்தன. நான் ஒன்றையும் தவறவிடவில்லை.

கடைசியாக என் ஐந்து விரல்களையும் பிடித்தார். என் கை என்னைக் கேட்காமலே சுண்டு விரலை மடக்கிக்கொண்டது. யார் ஐந்து சொன்னாலும் நாலுக்குக் கேட்டுப் பழகிய கை.

தரகர் என்னைப் பார்த்தார்.

"சரி, நாலு," என்று துண்டை எடுத்தார்.

"இல்ல அண்ணாச்சி, அஞ்சுதான்."

"துண்ட எடுத்தா பேரம் முடிஞ்சுது, மொதலாளி. உமக்குத் தெரியாததா?"

இருட்டில் சுவரைத் தடவி வெளியே வந்தேன். பாய் கணினியைச் சாக்கில் கட்டி வண்டியில் ஏற்றிவிட்டிருந்தார்.

புதுக் கணினியிடம் சாவியைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தது. ஒரு விரல்தானே குறைகிறது, பரவாயில்லை என்றது.

வீட்டில் தங்கபுஷ்பம் கதவை முழுவதும் திறந்தாள்.

"வாங்க தம்பி. உங்கண்ணன் உங்ககூட வரலையா?"

எனக்கு அண்ணன் கிடையாது.

"வந்துருவார் மதினி," என்றேன்.

எனக்குச் சோறு போட்டாள். குழம்பை அள்ளி ஊற்றினாள். அவள் சாப்பிடவில்லை. அவர் வரட்டும் என்றாள்.

கை கழுவிவிட்டு நானும் வாசலுக்குப் போய் அவளோடு தெருவைப் பார்த்து நின்றேன். தெரு காலியாக இருந்தது. இப்படி ஒரு பெண்ணைக் காக்க வைக்கிறானே என்று அந்த ஆள்மேல் எனக்குக் கோபம் வந்தது.