கிறுகிறுப்புக்குச் சுற்றிப் போட்ட ஞாயிறு

பக்கவாதம் வந்து மூன்று மாதத்தில் அப்பாவுக்குக் கையும் காலும் திரும்பிவிட்டன. வாய் இரண்டாம் நாளே திரும்பிவிட்டது. கிறுகிறுப்பு மட்டும் போகவில்லை. எழுந்து நின்றால் திண்டிவனமே ராட்டினம் ஏறிவிடுகிறது என்பார்.

விழுப்புரம் ஆஸ்பத்திரியில் கைகால் பயிற்சி கொடுக்கும் ஜெசிந்தா அக்கா வழி சொல்லியிருந்தார். சட்டென்று எழக்கூடாது. கட்டில் ஓரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, பாதத்தை ஆட்டிவிட்டுத்தான் நிற்க வேண்டும். நிற்கும்போது சுற்றினால் வீரம் காட்டாமல் அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும். இதையெல்லாம் ஞாபகப்படுத்துவது என் வேலை. அப்பா என்னை இன்ஸ்பெக்டர் என்று கூப்பிட ஆரம்பித்தார்.

நான் தண்ணீர் பிடிக்கப் போன ஒரு நாள் கக்கூஸ் வாசலில் விழுந்தார். நெற்றியில் மூன்று தையல். இன்னொரு தடவை விழுந்தால் சென்னைக்குக் கூட்டிப் போய்விடுவேன் என்று இனியவன் அண்ணன் சொல்லிவிட்டான். அவன் வீடு ஏழாவது மாடி. லிஃப்ட் என்றாலே அப்பா கட்டில் காலைப் பிடித்துக்கொள்வார்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்த நேரம் பார்த்து, ஓமந்தூரிலிருந்து கோவிந்தம்மாள் அத்தையும் வந்து இறங்கினார். முந்தானையில் உப்பும் காய்ந்த மிளகாயும். தம்பிக்கு வந்தது நோயே இல்லை, எதிர்வீட்டுக் கண் என்பது அவர் முடிவு. அப்பாவை வாசலில் கிழக்கு பார்த்து நிறுத்தி, மூடிய கையை முகத்துக்கு நேராகச் சுற்றினார். வலமாக மூன்று, பிறகு இடமாக. அப்பாவின் கண்ணும் பக்தியோடு கூடவே சுற்றியது. அத்தை சுற்ற ஆரம்பித்தால் நிறுத்த யாராலும் முடியாது. இடமாக இரண்டாவது சுற்றில் அப்பா அத்தையின் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“பாத்தியா, விழுந்துட்டாரு. துணிமணி எடுத்து வை,” என்றான் அண்ணன்.

அவனை நான் எதிர்த்துப் பேசியதே கிடையாது.

“விழல அண்ணா, உக்காந்தாரு. சுத்துனா உக்காரச் சொல்லியிருக்காங்க. அத்தை சுத்துன சுத்துக்கு நீயா இருந்தா குப்புற விழுந்திருப்ப.”

அத்தை என்னை முறைத்துவிட்டுப் போய் மிளகாயை நெருப்பில் போட்டார். கண் பட்டிருந்தால் நெடியே வராது என்பது அவர் சட்டம். வந்தது. அண்ணன் இருமினான், நான் இருமினேன், எதிர்வீட்டிலும் இருமினார்கள்.

அத்தை மூக்கைச் சிந்திக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். “கண்ணும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நோவுதான்டா தம்பி. இந்தப் பொண்ணு சொல்றதக் கேட்டுக்கினு இங்கியே கெட.”

அத்தை பேச்சுக்கு மேல் பேச அண்ணனுக்கும் தைரியம் இல்லை. சாயங்காலம் தனியாகப் பஸ் ஏறக் கிளம்பினான். வழியனுப்ப எழுந்து நிற்கட்டுமா என்று அப்பா என்னைக் கேட்டார். வேண்டாம் என்றேன். உட்கார்ந்தபடியே டாட்டா காட்டினார்.