சீரிஸ் பல்ப் மங்கும்வரை

1

டமார்!

இந்தக் கதை இப்படித்தான் பிறந்தது. மாடி அறையில் நான் வேறொரு கதை எழுதிக்கொண்டிருந்தேன். கதாநாயகி ரயிலிலிருந்து இறங்குகிறாள். அவள் கால் தரையைத் தொடுவதற்குள் கீழே இந்தச் சத்தம். மின்விசிறி நின்றது, கணினி அணைந்தது. நான் சேமிக்காத பக்கங்களோடு அவளும் போனாள். பத்திரிகை ஆசிரியர் என்னிடம் கேட்டிருந்தது அவளைத்தான். நான் இருந்த ஆத்திரத்துக்கு இனி அவருக்கு இதுதான் கிடைக்கும்.

நாலு வார்த்தை நறுக்கென்று கேட்பதற்காக, செருப்புகூடப் போடாமல் படியிறங்கினேன்.

2

கீழே இருப்பது ஒலிபெருக்கிக் கடை. கூட்டங்களுக்கு ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் வாடகைக்குத் தருவார்கள், ரிப்பேரும் செய்வார்கள். கடைக்காரனை எல்லோரும் ‘மைக்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் அக்காவுக்குப் பட்டப்பெயர் கிடையாது. அவள் ஒருத்தி இருப்பதே பலருக்குத் தெரியாது. கடைக்குப் பின்னால் ஒரு திரை, திரைக்குப் பின்னால் ஒரு பெஞ்சு, பெஞ்சில் அக்கா. ரிப்பேர் முழுக்க அவள் கை வேலை. வாங்கிப் போகிறவர்கள் மைக்கின் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போவார்கள்.*

(* இந்த இடத்தில் ‘அவள் விழிகளில் மின்சாரம்’ என்று ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன். அவள் விழிகளில் இருந்தது தூக்கக்குறைவு.)

நான் போனபோது கடையெங்கும் புகை. ஆம்ப்ளிஃபயரின் மூடி கழன்று கிடந்தது. உள்ளே ஒரு கெப்பாசிட்டர் வெடித்து, பஞ்சு பஞ்சாகச் சிதறியிருந்தது. மைக் கத்திக்கொண்டிருந்தான். காலையில் ஒரு கூட்டத்தில் பேச்சாளர் கையை உயர்த்திய நேரம் பார்த்து இந்தப் பெட்டி ஊமையாகிவிட்டதாம். கூட்டம் சிரித்ததாம். எடுத்துவந்து கடையில் மாட்டினால் இப்படி.

“போன வாரம் நீதானே இதைத் தொட்ட? நாளையிலேருந்து பெஞ்சுல வேற ஆள் உட்காருவான். நீ போனை எடுத்துப் பேசினா போதும்.”

அக்கா நிமிரவில்லை.

“முதல்ல ப்ளக்கைப் பிடுங்கு. அப்புறம் கத்து.”

நான் கேட்க வந்த நாலு வார்த்தையும் மறந்துபோயிற்று.

3

[இந்தப் பகுதியை ஆசிரியர் வெட்டிவிடுவார். வெட்டினால் கதையே இல்லை. அவருக்கு அது தெரியாது.]

பவர் சப்ளை என்பது உவமை இல்லை. இதயத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை டிரான்ஸ்ஃபார்மர் குறைக்கும். பிரிட்ஜ் என்ற சின்னக் கட்டை அதை ஒரே திசையில் ஓடவைக்கும். கெப்பாசிட்டர்கள் அதைத் தேக்கித் தரும். இதில் ஏதோ ஒன்று செத்திருக்கிறது. எது, ஏன் என்று அவள் காட்டியாக வேண்டும். காட்டாவிட்டால் பெஞ்சு போய்விடும்.

அவளிடம் ஒரு பலகை இருந்தது. அதில் ஒரு குண்டு பல்ப். கரண்ட் அந்த பல்ப் வழியாகத்தான் பெட்டிக்குப் போகும். பெட்டிக்குள் ஷார்ட் இருந்தால் பல்ப் பளீரென்று எரியும், வேறு எதுவும் எரியாது. நன்றாக இருந்தால் ஒருமுறை மின்னி மங்கிவிடும். ‘சீரிஸ் பல்ப்’ என்பார்கள்.

மிச்சமிருந்த கெப்பாசிட்டர்களில் தேங்கிய கரண்டை வடித்தாள். ப்ளக்கின் இரண்டு காலிலும் மீட்டரை வைத்துப் பார்த்தாள். ஃப்யூஸ் வழியாகப் போகும் உள்வழி அறுபடவில்லை.

“பார், ஃப்யூஸ் நல்லாத்தான் இருக்கு. உன் வேலைதான் சொதப்பல்” என்றான் மைக். அக்காவின் முகம் முதல்முறையாக மாறியது. கெப்பாசிட்டரே வெடித்திருக்கிறது, அதற்கு முன்னால் அறுந்திருக்க வேண்டிய ஃப்யூஸ் எப்படி நல்லாயிருக்கும்? அவள் அதை வாய்விட்டுக் கேட்கவில்லை. விழுந்திருந்த மெயின் சுவிட்சைத் தூக்கிவிட்டு, டிரான்ஸ்ஃபார்மரை மட்டும் தனியே பிரித்து சீரிஸ் பல்பில் மாட்டினாள். மின்னியது, மங்கியது. அது உயிரோடு இருக்கிறது. பிரிட்ஜைச் சேர்த்தாள்.

பல்ப் முகத்தில் அறைந்தது மாதிரி எரிந்தது.

4

மைக்கை வில்லனாக எழுத எனக்குக் கை பரபரக்கிறது. மீசை வைக்கலாம், குடிக்கவிடலாம். ஆனால் அவன் குடிப்பதில்லை. கனத்த ஸ்பீக்கர்களைத் தோளில் தூக்கித் தூக்கி அவன் கழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. அக்காவுக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைப்பவனும் அவன்தான். இதனால் என் கோபம் கொஞ்சமும் குறையவில்லை, கூடத்தான் செய்தது. கெட்டவனைத் திட்டிவிட்டுப் போய்விடலாம். இவனை என்ன செய்வது?

அவன்—

(இல்லை. பெட்டிக்கே வருகிறேன்.)

5

புது பிரிட்ஜ், புது கெப்பாசிட்டர். சாலிடரிங் புகையில் அவள் கண்ணைச் சுருக்கியபடி வைத்து முடித்தாள். மறுபடி சீரிஸ் பல்ப். மின்னியது, மெல்ல மங்கியது.

நேரடியாகக் கரண்ட் கொடுக்குமுன் புது ஃப்யூஸ் போடுவது அவள் வழக்கம். பெட்டியின் பின்பக்கம் ஃப்யூஸின் மூடியைத் திருகிக் கழற்றினாள்.

கண்ணாடிக் குழாய் உள்ளுக்குள் கருகியிருந்தது. அதன் மேல் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை செம்புக் கம்பி, சுற்றிச் சுற்றி, நெருக்கமாக.

மீட்டர் காட்டிய வழி அந்தக் கம்பிதான். கூட்டத்தில் சத்தம் போதவில்லை என்று மைக் கூடுதல் ஸ்பீக்கர்களை மாட்டியிருக்கிறான். ஃப்யூஸ் தன் கடமையைச் செய்து செத்திருக்கிறது. அவன் அதன் பிணத்தின் மேல் கம்பியைச் சுற்றிப் பெட்டியை ஓடவிட்டிருக்கிறான். பிரிட்ஜ் வெந்து செத்தது, கடையில் மாட்டியதும் கெப்பாசிட்டர் வெடித்தது. பழி அக்காவுக்கு.

அவள் ஆம்ப்ளிஃபயரைக் கவிழ்த்தாள். அடியில் டேப் போட்டு ஒட்டியபடி ஒரு புது ஃப்யூஸ். ஒவ்வொரு பெட்டியிலும் அவள் ஒன்று ஒட்டி வைப்பாள். அது மைக்குக்குத் தெரியாது. அவன் எந்தப் பெட்டியையும் கவிழ்த்துப் பார்த்தவனில்லை.

6

இப்போது முடிவு. ஒரு முடிவில் மைக் அழுது அக்காவின் கையைப் பிடித்துக்கொள்கிறான். ஆசிரியருக்கு இது பிடிக்கும், எனக்கு எழுதவே கூசுகிறது. இன்னொன்றில் அக்கா சாலிடரிங் இரும்பை வீசிவிட்டு வெளியேறுகிறாள். உங்களுக்குக் கைதட்டத் தோன்றும். ஆனால் அந்த பெஞ்சை விட்டுப் போக அவளுக்கு மனசில்லை, அது அவளுடையது. மூன்றாவதில் அடுத்த கூட்டத்தில் அவளே மேடையோரம் பெட்டியோடு நிற்கிறாள். அவன் அனுமதித்தானா, அவளே போய் நின்றாளா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததை எழுத மாட்டேன். அந்த வேலை உங்களுக்கு.

அன்றைக்கு நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன். அவள் அந்தக் கம்பி சுற்றிய ஃப்யூஸை அவன் உள்ளங்கையில் வைத்தாள். எனக்கு ஒருமுறை போன் பண்ணியிருந்தால் புது ஃப்யூஸ் எங்கே இருக்கிறது என்று சொல்லியிருப்பேனே, ஏன் பண்ணவில்லை என்று கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. மைக் என்னைப் பார்த்தான், திரையைப் பார்த்தான், கடைசியில் தன் கையைப் பார்த்தான்.

“சுத்தி அத்தனை பேர் நிக்கிறாங்கக்கா. உன்கிட்ட கேட்டா, ரிப்பேர் பண்றது நான் இல்லைன்னு தெரிஞ்சிடாதா?”