வைத்யாஜியின் தமிழ் வாய்

திரிலோசன் வைத்யா தாராவி மேடையில் ஏறும் ஒவ்வொரு தடவையும் அவருக்குப் பக்கத்தில் இன்னொரு மைக் வைப்பார்கள். அது ஜோசப்ராஜுக்கு. வைத்யாஜி இந்தியில் ஒரு வாக்கியம் முழங்கி நிறுத்துவார். ஜோசப்ராஜ் அதைத் தமிழில் முழங்குவார். முப்பது வருஷமாக இப்படித்தான். தொண்ணூறடி ரோட்டில் அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'மைக் அண்ணாச்சி' என்றால் ஆட்டோக்காரனுக்குக்கூடத் தெரியும். அப்படிக் கூப்பிட்டால் ஜோசப்ராஜுக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

இந்த வித்தையை அவர் கட்சியில் கற்றுக்கொள்ளவில்லை, சபையில் கற்றுக்கொண்டார். வடக்கிலிருந்து கன்வென்ஷனுக்கு வருகிற பிரசங்கியார்களுக்கு வாலிப வயதிலிருந்தே தமிழ் சொன்னவர். பிரசங்கியார் கையைத் தூக்கினால் இவரும் தூக்க வேண்டும். அவர் அழுதால் இவர் குரலும் தழுதழுக்க வேண்டும். அவர் உளறினால் அதைச் சமாளிப்பதும் தமிழ் சொல்கிறவன் பொறுப்புதான். ஒரு தடவை பஞ்சாபிலிருந்து வந்த பிரசங்கியார், கருவாட்டு நாற்றம் அடிக்கிற வீட்டுக்குள் ஆவியானவர் வரமாட்டார் என்று சொல்லிவிட்டார். கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் கடலோரத்துக்காரர்கள், மத்தியானம் கருவாட்டுக்குழம்பு சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தவர்கள். ஜோசப்ராஜ் கொஞ்சமும் தடுமாறாமல், "வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கிற குடும்பத்தை ஆவியானவர் நேசிக்கிறார்" என்றார். கூட்டம் அல்லேலூயா போட்டது. பிரசங்கியாருக்கும் சந்தோஷம்.

வைத்யாஜி அப்போது சின்ன ஆள். கல்லூரியில் சரித்திரம் நடத்திக்கொண்டிருந்தவர், காதலர் தினத்துக்கு வாழ்த்து அட்டை விற்ற கடை ஒன்றைக் கொளுத்தி ஒரு வாரம் உள்ளே இருந்தார். உள்ளே போனது வாத்தியார், வெளியே வந்தது தலைவர். பெண்கள் என்ன உடுத்த வேண்டும், யாரைக் கட்டிக்கொள்ள வேண்டும், எத்தனை மணிக்குள் வீடு திரும்ப வேண்டும் என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்னார். அதில் ஓட்டு அவ்வளவாகத் தேறவில்லை. வெளியூர்க்காரனை விரட்டு என்றார், ஓட்டு கொட்டியது.

அந்தத் தேர்தலில்தான் கட்சிக்காரர்கள் தமிழ் சொல்ல ஆள் தேடி, சபைக்கு வந்து ஜோசப்ராஜைக் கூட்டிக்கொண்டு போனார்கள். வெளியூர்க்காரனை விரட்டுகிறவர் வெளியூர்க்காரனிடம் ஓட்டுக் கேட்டு வருகிறாரே என்று அவரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. மேடையில் வைத்யாஜிக்கு எழுதிக்கொடுத்த பேச்சு மறந்து பழக்கமான பேச்சு வந்துவிட்டது. "மதராஸிகள் இந்த ஊரை அடைத்துக்கொண்டுவிட்டார்கள். ஒவ்வொருவனையும் ரயிலில் ஏற்றி அனுப்புவேன்!" என்று கத்தி நிறுத்தினார். ஜோசப்ராஜும் மதராஸிதான். ஆனால் வாய் பழகிய வாய். "நம்ம தமிழ் மக்கள் ஊருக்குப் போயிட்டு வர இன்னும் நிறைய ரயில் விடப்போறாரு!" என்றார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. ரயிலேற்றுவேன் என்றதற்கு இப்படித் தட்டுகிற ஜனங்களை வைத்யாஜி அதுவரை பார்த்ததில்லை. மறுபடி எப்போது வந்தாலும் இந்த ஆளே வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

தோல் பை தைக்கிற பட்டறை வைத்திருக்கும் முகம்மது ஹனீப் அதற்குப் பிறகு ஜோசப்ராஜைப் பார்த்தால், "என்ன வே, ரயிலு எப்ப வருது?" என்று கேட்காமல் விட்டதில்லை. கேலிதான் என்று ஜோசப்ராஜும் சிரித்துக்கொள்வார்.

வைத்யாஜி மளமளவென்று ஏறினார். ஒரு கலவரம் நடந்தது. அதை விசாரிக்கக் கமிஷன் வைத்தார்கள். கமிஷன் முடிவதற்குள் அவர் மந்திரி ஆகிவிட்டார். பிறகு டில்லிக்குப் போனார். டில்லிக்குப் போனவருக்கு எல்லா மாநிலத்து ஓட்டும் வேண்டியிருந்தது. மதராஸி மேலிருந்த கோபம் அப்படியே சிலுவை வைத்திருக்கிறவன் மேலும் தொழுகிறவன் மேலும் திரும்பியது. பேச்சில் விஷம் கூடக்கூட ஜோசப்ராஜ் சர்க்கரையைக் கூட்டினார். "வேற எவனாவது நின்னா உள்ளதை உள்ளபடி சொல்லி ரத்தக்களறி ஆக்கிருவான்" என்பார் மனைவி ஏஞ்சலம்மாளிடம். தாராவித் தமிழர்கள் அடித்துக்கொள்ளாமல் இருப்பதே தன் நாக்கால்தான் என்று அந்த மனுஷன் மனசார நம்பினார். ஏஞ்சலம்மாளோ அவர் கூட்டத்துக்குப் போட்டுப் போன வெள்ளைச் சட்டையை மட்டும் சபைத் துணிகளோடு சேர்க்காமல் தனியாகத் துவைப்பாள்.

வைத்யாஜி முன்னால் நின்று கொண்டுவந்த மதமாற்றத் தடைச் சட்டம் கடைசியில் ஜோசப்ராஜ் வீட்டுக்கே வந்தது. மகள் ஜோஸ்பினைக் கட்டிய ஆன்றோ விக்ரோலியில் ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அங்கேயே கூட வேலை செய்கிறவன் ஒருவனுடைய கோலியில், அந்த ஒற்றை அறை வீட்டில், பத்துப் பேரை வைத்து ஜெபம் நடத்துவான். எல்லாரும் பிறவியிலேயே கிறிஸ்தவர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பாட்டுச் சத்தம் கேட்டு வந்து உட்கார்ந்ததுகள், பிஸ்கட் கொடுத்தான். அது போதுமானதாக இருந்தது. மூன்று மாதமாக உள்ளே இருக்கிறான். ஜாமீன் இரண்டு தடவை தள்ளுபடி ஆகிவிட்டது.

"அப்பா, அந்தாளுக்கு முப்பது வருசமா வாய் குடுத்திருக்கிய" என்றாள் ஜோஸ்பின். "ஆன்றோவுக்காவ ஒரு வார்த்தை கேளுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

கேட்பதற்கு நாளும் வந்தது. உடம்பு தளர்ந்து, வைத்யாஜி கடைசியாகப் போட்டியிடுகிற தேர்தல். தாராவியில் பெரிய கூட்டம். மேடைக்குப் பின்னால் துணி கட்டிய மறைப்பில் அவர் இளநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, வார்டு பொறுப்பாளன் பஞ்சு ஜோசப்ராஜை உள்ளே விட்டான். பஞ்சுவும் ஆன்றோவும் ஒரே சந்தில் கேரம் விளையாடி வளர்ந்தவர்கள். 'அவனுக்காகத்தான் விடுதேன் அண்ணாச்சி, சட்டுனு முடிங்க' என்று கிசுகிசுத்தான்.

ஜோசப்ராஜ் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லத்தான் போனார். வைத்யாஜியின் முகத்தைப் பார்த்ததும் குனிந்து காலைத் தொட்டார். தேவனைத் தவிர யார் முன்னும் குனியாதே என்று அவரே ஆயிரம் தடவை தமிழ் சொல்லியிருக்கிறார். மருமகன் பேரைச் சொன்னார், விக்ரோலி என்றார், பிஸ்கட் என்றார். வைத்யாஜி அவர் தோளைத் தட்டி, "தேக்தே ஹை" என்று சிரித்தார், பார்ப்போம் என்று அர்த்தம். அந்தத் தட்டலில் ஜோசப்ராஜுக்குப் பாதி உயிர் வந்தது.

மேடையில் ரோடு, தண்ணீர், புது வீடு என்று வழக்கமானதெல்லாம் போனது. திடீரென்று வைத்யாஜி குரலைத் தாழ்த்தினார்.

"இப்போது மேடைக்கு வருமுன் ஒரு ஆள் என் காலைப் பிடித்தான். விக்ரோலியில் பிடிபட்ட ஆன்றோவை விட்டுவிடு என்று அழுதான். யார் இந்த ஆன்றோ? பிஸ்கட் கொடுத்து உங்கள் பிள்ளைகளிடமிருந்து சாமியைத் திருடுகிறவன். ஜெயிலிலேயே அழுகட்டும்! அவனைப் போல எத்தனை பேர் இந்தச் சந்துகளில் இருக்கிறார்களோ, ஒவ்வொருவனையும் கோலியிலிருந்து இழுத்து ரோட்டில் போடுவேன்!"

சொல்லிவிட்டு ஜோசப்ராஜ் பக்கம் திரும்பிப் பார்த்தார். உன் முறை என்கிற பார்வை. தன் காலைப் பிடித்தவன் இவன்தான் என்கிற ஞாபகம்கூட அந்த முகத்தில் இல்லை.

சர்க்கரை வாக்கியம் ஜோசப்ராஜின் நாக்கு நுனியில் தயாராக வந்து நின்றது. தப்புச் செய்தவரைச் சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று சொன்னால் போதும். அவர் அதை விழுங்கினார். எதிரே உட்கார்ந்திருந்தது ஆன்றோவைத் தூக்கி வளர்த்த ஜனங்கள். கொரோனாக் காலத்தில் அவன் வீடு வீடாக அரிசி சுமந்து போட்டதும், ஆஸ்பத்திரிக்கு வர ஆளில்லாத கிழவர்களைத் தோளில் சாய்த்துக் கூட்டிப்போனதும் இவர்களுக்குத் தெரியாததா? இவர்களுக்கும் அந்த விஷத்துக்கும் நடுவில் இத்தனை வருஷம் நாம்தான் நின்று மறைத்துவிட்டோம். இன்றைக்கு விலகிக்கொண்டால் போதும், இந்த மேடையில் செருப்பு வந்து விழும். விழட்டும் என்று நினைத்தார். முப்பது வருஷத்தில் இவ்வளவு கோபம் அவருக்கு வந்ததே இல்லை.

மைக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளதை உள்ளபடி சொன்னார். காலைப் பிடித்ததைச் சொன்னார். ஆன்றோ என்று பேரைச் சொன்னார். சாமியைத் திருடுகிறவன் என்றார், ஜெயிலிலேயே அழுகட்டும் என்றார், ஒவ்வொரு கோலியிலிருந்தும் இழுத்து ரோட்டில் போடுவேன் என்றார். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. குரல் உடைந்தது, அது மட்டும் அவருடையது. சொல்லிவிட்டு நிமிர்ந்து நின்றார்.

கைதட்டினார்கள்.

அவருக்கு முதலில் புரியவில்லை. சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தார். முன்வரிசைப் பையன்கள் நாற்காலி மேல் ஏறி விசிலடித்தார்கள். வயதானவர்கள் உட்கார்ந்தபடியே தட்டினார்கள், தலையை ஆட்டி ஆட்டித் தட்டினார்கள். செருப்பு எல்லாம் அவரவர் காலில் பத்திரமாக இருந்தது. வைத்யாஜி மலர்ந்து போய் அடுத்த வாக்கியத்துக்குப் போனார். சொல்லி நிறுத்தினார். ஜோசப்ராஜின் வாய் அதுவாகத் திறந்து அதைத் தமிழில் சொன்னது.

கூட்டம் கலைந்ததும் பஞ்சு ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணாச்சி, இன்னைக்குத்தான் கரெக்டா சொன்னிய. சாபுக்கு ஏக குஷி. நாளைக்கு செம்பூர் கூட்டத்துக்கும் வந்துருங்க."

"ஏல பஞ்சு, அவரு சொன்னது நம்ம ஆன்றோவத்தாம்ல."

"தெரியும் அண்ணாச்சி. மனசுக்குக் கஷ்டந்தான்."

"பின்ன எப்படில கைதட்டுனானுவ? இத்தன நாளு இந்தியில சொன்னது புரியல. இன்னைக்குத்தான் நான் புரியும்படியா தமிழ்ல சொன்னேனே!"

பஞ்சு அவரைப் பாவமாகப் பார்த்தான். "எங்களுக்கு இந்தி தெரியாதா அண்ணாச்சி? இங்கயே பொறந்து வளந்தவன் நான், எனக்குத் தமிழ்தான் எழுத்துக்கூட்டி வாசிக்கணும். நீங்க மாத்தி மாத்திச் சொல்லுதது எல்லாருக்கும் தெரியும். பயலுவ ரெண்டையும் மொபைல்ல சேத்துப் போட்டுச் சிரிப்பானுவ."

"அப்பம் என்னிய எதுக்குல மேடையில ஏத்துனிய?"

"மேடையில தமிழ் கேட்டா நம்ம ஆளுவளுக்கு ஒரு மரியாதை, அதான்."

"ரயிலேத்துவேன்னு சொன்னாரே, அப்பமும் தெரிஞ்சா தட்டுனிய?"

"அப்பம் நான் சின்னப் பய, எனக்கென்ன தெரியும்? ஆனா இப்பம் எங்களச் சொல்லலியே அண்ணாச்சி" என்றான் பஞ்சு. "உங்க ஆளுவளத்தானே சொல்லுதாரு." அதை வன்மமாகச் சொல்லவில்லை. பஸ் ரூட் மாறிப் போனதைச் சொல்வது போலச் சொன்னான். ஜோசப்ராஜுக்கு அவனை அறைய வேண்டும் போலிருந்தது, கை எழவில்லை.

வீட்டில் ஜோஸ்பின் அரிசி களைந்துகொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"கேட்டேன் மக்கா" என்றார் ஜோசப்ராஜ்.

"தெரியும். பொம்பளைங்க பக்கத்துல நானும் இருந்தேன்."

அவர் கதவில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தார். "பாத்தியா சனத்தை? எப்படித் தட்டுனானுவ பாத்தியா?"

"பாத்தேன். எதுத்த வீட்டுச் சொர்ணம்மாக்காவும் தட்டுனாவ. போன வாய்தாவுக்கு ஆன்றோவுக்கு முறுக்கு சுட்டுக் குடுத்தாவல்லா, அவியதான். பெறவு வீட்டுக்கு வந்து, அடுத்த வாய்தா எப்பம்னு சொல்லு, அதிரசம் சுட்டுத் தாரேன்னாவ."

"சீ! என்ன சென்மங்க இதுங்க! நன்றி கெட்ட நாய்ங்க! இதுங்களுக்காகவா நான் முப்பது வருசம் தொண்டை கிழியக் கத்துனேன்? கோலிய விட்டு இழுத்துப் போடுவேங்கான், கை தட்டுதுங்க..."

ஜோஸ்பின் களைந்த தண்ணீரைக் கொட்டிவிட்டுத் திரும்பினாள். அழுத முகமாக இல்லை. அழுது முடித்த முகமாக இருந்தது.

"சொர்ணம்மாக்கா ஒரு தடவ தட்டிட்டு, என் மொகத்தப் பாத்துட்டு, எந்திரிச்சுப் போயிட்டாவ அப்பா. நீங்கதான் அதுக்கப்புறமும் கடைசி வரைக்கும் நின்னு பேசுனிய."