உறவு என்ற கட்டம்

“சித்தி பேசுறீங்களா, அத்தை பேசுறீங்களா?” என்று தொலைபேசியில் ஓர் ஆண்குரல் கேட்டது.

புதன்கிழமை காலை. ஒருங்கிணைப்பாளர் அப்போதுதான் அலுவலகத்தைத் திறந்து, முந்தைய நாளின் வருகைப் பதிவேட்டைச் சரிபார்க்க உட்கார்ந்திருந்தார். கீழ்த்தளத்து அச்சகத்தில் எந்திரம் ஓடத் தொடங்கியிருந்ததால் மேசைமேல் இருந்த பேனா மெல்ல உருண்டது. அதைப் பிடித்து நிறுத்திக்கொண்டு, “நீங்க யாரு?” என்றார்.

“மருந்துக் கம்பெனியில சரிபார்ப்பு அதிகாரி. உங்க நம்பர் எங்க கம்ப்யூட்டர்ல ஏழு இடத்துல வருது மேடம். நாலு பேருக்குச் சித்தி, ரெண்டு பேருக்கு அத்தை, இப்போ புதுசா எடுத்திருக்கிற பொண்ணுக்குப் பெரியம்மா. குடும்பம் கொஞ்சம் பெரிசுதான் போல.”

ஒருங்கிணைப்பாளர் பதிவேட்டை மூடினார்.

“ஏற்கெனவே வேலை பாக்கிற ஆறு பேரும் திருத்திக் குடுத்தா போதும், விட்டுடறேன். புதுப் பொண்ணோட ஆர்டரை நிறுத்தி வெச்சிருக்கேன். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள உண்மையான விவரம் வரலைன்னா, லிஸ்ட்ல அடுத்த ஆளுக்கு அந்த இடம் போயிடும்.”

படிப்பைப் பாதியில் விட்டவர்களும், காப்பகத்தில் வளர்ந்து பதினெட்டு வயது முடிந்ததும் வெளியே அனுப்பப்பட்டவர்களும் அந்த அலுவலகத்துக்கு வருவார்கள். தவறவிட்ட தேர்வை எழுதவைப்பது, மாலைக் கணினி வகுப்பில் சேர்ப்பது, நேர்முகத் தேர்வுக்குப் பழக்குவது, ஆலைகளோடு பேசி வேலை பிடித்துக் கொடுப்பது என்று அங்கே பணிகள் பல. பாடம் சொல்ல ஆசிரியர்கள் இருந்தார்கள். எவர், எங்கே, எந்த நேரத்தில் இருக்கவேண்டும் என்பதைத் தவறாமல் நடத்துவது ஒருங்கிணைப்பாளரின் பொறுப்பு. படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் முகத்தில் அடித்தாற்போல் திருப்பிக் கொடுத்துவிடுவார். ‘படிவம் அக்கா’ என்று பிள்ளைகள் தமக்கு வைத்திருந்த பெயர் அவருக்குத் தெரியும். அது அவருக்குத் தெரியாது என்று அவர்கள் நம்பிக்கொண்டிருப்பதும் தெரியும்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் அவரிடம் வந்த ஓர் இளைஞனின் விண்ணப்பம், ‘அவசரத் தொடர்பு: பெயர், உறவு, எண்’ என்ற வரி நிரப்பப்படவில்லை என்று ஆலையிலிருந்து திரும்பி வந்தது. எழுத அவனுக்கு எவரும் இல்லை. அதற்குப் பிறகு அவன் வரவே இல்லை. அடுத்து அதே நிலையில் வந்தவளுக்கு அவர் தம் பெயரையும் எண்ணையும் எழுதினார். உறவு என்ற கட்டத்தின் முன் சற்று நேரம் தயங்கிவிட்டு, ‘சித்தி’ என்று எழுதினார். பொய் சொல்வதை அறவே வெறுத்தவர், அதன் பின் ஆண்டுக்கு நாலைந்து முறை அப்படி ஏதாவது ஓர் உறவை எழுதினார்.

அழைப்புகள் வரத் தொடங்கின. “உங்க பையன் ரெண்டு நாளா ஷிஃப்டுக்கு வரலை.” “உங்க பொண்ணுக்குக் காய்ச்சல், வந்து கூட்டிட்டுப் போங்க.” போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் கிளம்புவார். மூன்றாம் மாடியில் அவர் குடியிருந்த ஒற்றை அறையில் வேறு அழைப்பு அநேகமாக வருவதில்லை. அண்ணன் ஒருவர் உண்டு. ஆண்டுக்கு இருமுறை பேசுவார். பேச்சின் இறுதியில் “அப்புறம், வேற என்ன?” என்பார். வேறு ஒன்றும் இருக்காது. பிறர் பேச்சில் ஒரு சொல் பிசகினாலும் பொறுக்காதவர், “உங்க பொண்ணு” என்று அந்நியர் சொன்னபோதெல்லாம் திருத்தாமல் இருந்தார்.

வியாழக்கிழமை அந்தப் புதுப் பெண்ணை அழைத்துக்கொண்டு பேருந்தில் ஏறினார். ஓயாமல் பேசுவதால் அவளை எல்லோரும் ரேடியோ என்றே அழைத்தார்கள். அலுவலக அலமாரியின் கீழ்த்தட்டில் நேர்முகத் தேர்வுக்கென்றே ஒன்பது ஜோடிக் கறுப்புக் காலணிகள் இருக்கும். அணிந்தவர் துடைத்துத் திருப்பி வைக்கவேண்டும் என்பது விதி. அவற்றில் ஒரு ஜோடி அன்று ரேடியோவின் கால்களில் இருந்தது.

“அக்கா, என்னைவிட இந்த ஷூவுக்கு அனுபவம் ஜாஸ்தி. பதினாலு இன்டர்வியூ பாத்திருக்கு. நான் வெளியில நின்னாலும் இதுவே உள்ள போய்ப் பதில் சொல்லிட்டு வந்துடும்.”

“அங்க வந்து வாயைத் திறக்காத. நான் பேசிக்கிறேன்.”

“நான் பேசாம இருந்தா, பேட்டரி தீந்த பொண்ணை அனுப்பிட்டாங்கன்னு நினைப்பாங்களே!”

“விளையாட்டு போதும். இந்த வேலை கையை விட்டுப் போச்சுன்னா என்ன பண்ணுவ?”

ரேடியோ ஜன்னல் பக்கம் திரும்பினாள். “மாசக் கடைசிக்குள்ள வேலைச் சான்று காட்டணும். இல்லைன்னா கட்டிலைக் காலி பண்ணிடுன்னு ஹாஸ்டல்ல சொல்லிட்டாங்க.”

சரிபார்ப்பு அதிகாரியின் அறை குளிர்ந்திருந்தது. ஒருங்கிணைப்பாளர் முந்தைய மாலை முழுவதும் செலவிட்டுத் தயாரித்த மூன்று பக்க விளக்கக் கடிதத்தை நீட்டினார். அதிகாரி அதைக் கடைசி வரி வரை படித்தார்.

“லெட்டர் அருமையா இருக்கு மேடம். ஒரு பிழை இல்லை. ஆனா எனக்கு வேண்டியது மூணு பக்கம் இல்லை, ஒரே ஒரு வரி.”

“அப்போ பெரியம்மாங்கிறதை எடுத்துடுங்க. ஒருங்கிணைப்பாளர்னு போட்டுக்கிறேன். அது உண்மைதானே?”

“வேலைக்கு அனுப்புறவங்களே தொடர்பாவும் இருக்கக் கூடாதுன்னு விதி இருக்கு. சொந்தத்துல வேற யாராவது?”

ஒருங்கிணைப்பாளர் குரலைத் தாழ்த்தினார். “இந்தப் பொண்ணுக்கு...” என்று தொடங்கிய வாக்கியத்தை அவரால் முடிக்க இயலவில்லை. பதினோரு ஆண்டுகளாக அவர் தடுத்து வந்த சொற்கள் அவை.

“சார், அந்தப் பேனாவைக் குடுங்க,” என்றாள் ரேடியோ.

படிவத்தைத் தன் பக்கம் இழுத்தாள். ஒருங்கிணைப்பாளரின் பெயரையும் எண்ணையும் ‘பெரியம்மா’ என்பதையும் ஒரே கோட்டில் அடித்தாள். மேலே ‘யாரும் இல்லை’ என்று எழுதிக் கையொப்பமிட்டாள்.

அதிகாரி விசைப்பலகையில் தட்டிவிட்டுத் திரையைப் பார்த்தார். “ஏத்துக்கிச்சு.”

“எப்படி?” என்று ஒருங்கிணைப்பாளர் கேட்டார்.

“காலியா விட்டாத்தான் திருப்பி அனுப்பும் மேடம். யாரும் இல்லைன்னு எழுதினா, எங்க தொழிலாளர் நல அதிகாரி நம்பர் அந்த இடத்துல தானா வந்துடும். ரொம்ப வருஷமாவே அப்படித்தான். உங்களுக்குத் தெரியாதா?”

தெரியாது. கேட்டதே இல்லை. காலியாக விடக் கூடாது என்பதில் இருந்த கவனத்தில், இல்லை என்று எழுதலாமா என்று ஒருவரிடமும் அவர் கேட்கவில்லை.

பணி ஆணையைக் கையில் வாங்கியதும் ரேடியோ சேரவேண்டிய நாளைத் தேடிப் படித்தாள். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு முதல் ஷிஃப்ட்.

வாயிற்கதவைத் தாண்டியதும் அவள் கேட்டாள். “முதல்லயே இதை எழுதியிருக்கலாமேக்கா. எதுக்கு அந்தப் பெரியம்மா கதையெல்லாம்?”

“அப்படி எழுத உனக்குக் கஷ்டமா இல்லையா?”

“இதுல என்னக்கா கஷ்டம்? எத்தனை ஃபார்ம்ல எழுதியிருக்கேன்! என் கையெழுத்து மாதிரி பழகிப்போச்சு.” பின்பு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, “உங்களைச் சொல்லலைக்கா,” என்றாள்.

“தெரியும். பஸ் வருது, ஏறு.”

வெள்ளிக்கிழமை மற்ற ஆறு பேரையும் அழைத்தார். அரை நாள் ஆகும் என்று ஒதுக்கியிருந்த வேலை இருபத்தைந்து நிமிடங்களில் முடிந்துவிட்டது. “அட, இன்னும் உங்க நம்பரா இருக்கு?” என்று ஒருவன் சிரித்தான். ஒருவன் அறைத் தோழனின் எண்ணைக் கொடுப்பதாகச் சொன்னான். “எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சுக்கா. சொல்லணும்னே இருந்தேன், விட்டுப்போச்சு. அவர் நம்பரைக் குடுத்துடறேன்,” என்றாள் ஒருத்தி. ஒருங்கிணைப்பாளர் வாழ்த்துச் சொன்னார். எப்போது என்று கேட்கவில்லை.

திங்கட்கிழமை ஐந்து மணிக்கே அவர் எழுந்துவிட்டார். தொலைபேசியை வழக்கம்போல் அடுப்பருகே வைத்துக்கொண்டு பால் காய்ச்சினார். ஆறு அடித்தது. ஆறரை ஆயிற்று. முன்பெல்லாம் முதல் ஷிஃப்டன்று ஏழு மணிவரை தொலைபேசி ஒலிக்காவிட்டால் பிள்ளை வேலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று பொருள். நிம்மதியாகக் குளிக்கப் போவார். இன்று அவள் போகாமல் இருந்தாலும் அழைப்பு நல அதிகாரிக்குத்தான் போகும். ஏழு மணிக்கும் தொலைபேசி பேசாமல் கிடந்தது. அதிலிருந்து தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை. அவளையே அழைக்கலாம் என்றால், ஷிஃப்டில் இருப்பவர்கள் கைபேசியைப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருப்பார்கள்.

அலுவலகத்தில் அலமாரியின் கீழ்த்தட்டில் ஒன்பது ஜோடிகளும் இருந்தன. சனிக்கிழமை அவர் வெளியே போயிருந்தபோது ரேடியோ வந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். நன்றாகத் துடைத்திருந்தாள். இடது காலணிக்குள் மடித்த துண்டுச்சீட்டு ஒன்று கிடந்தது. அதில் ‘15’ என்ற எண் மட்டும் இருந்தது. அவர் அதை வீசவில்லை. மடித்து, இருந்த இடத்திலேயே வைத்தார்.

பிறகு பதிவேட்டைத் திறந்தார். ரேடியோவின் வரியில் எல்லாக் கட்டங்களும் அவர் கையெழுத்தில் நிரம்பியிருந்தன. ‘பணியில் சேர்ந்த நாள்’ என்ற கட்டம் மட்டும் மீதம். உறுதியாகத் தெரிந்த பின்பே அதை எழுதவேண்டும் என்பது அவரே வகுத்த விதி. கம்பெனி, சேர்ந்தவர்களின் பட்டியலை மாத இறுதியில்தான் அனுப்பும். இன்று தேதி ஐந்து.

கீழே அச்சு எந்திரம் ஓடத் தொடங்கியது. பேனா உருண்டது. அவர் அதைப் பிடித்து மூடியிட்டு, அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுப் பக்கத்தைத் திருப்பினார்.