குளோரினுக்குச் சாகாதது

1

இந்தக் கதை ஒரு கண்ணாடிச் சில்லில் தொடங்கியது. தொண்ணூறுகளில், நீச்சல் வீராங்கனைகள் வரிசையாக வயிற்றுப்போக்கில் விழுவதைப் பற்றிச் செய்தி எழுதத் தஞ்சாவூர் போனேன். டாக்டர் நெய்னா முகம்மது நுண்ணோக்கியைக் காட்டி, "பாருங்க சார்" என்றார். நடவு முடிந்த வயலின் பச்சை. அதில் சிவப்பு மணிகள்.

"ஒட்டுண்ணியோட முட்டைன்னு வச்சுக்குங்க. நீச்சல்குளத்துக் குளோரின்ல நாள்கணக்கா உயிரோட இருக்கும்."

வந்த வேலையை மறந்து பார்த்தேன். கையில்லை, வாயில்லை. யாரோ ஒரு மடக்குத் தண்ணீர் விழுங்கும்வரை ஓட்டுக்குள் காத்திருக்கும் பொறுமை மட்டும்.

2

"வெண்ணாறு அன்று அமைதியாக ஓடிக்—"

(வேண்டாம். எல்லா ஆறும் கதைகளில் இப்படித்தான் ஓடுகிறது.)

அம்சவல்லியிலிருந்து தொடங்குகிறேன். வெண்ணாற்றில் நீந்தக் கற்றவள். ரிலே அணியின் நால்வரில் ஒருத்தி. மாநிலப் போட்டியில் ஜெயித்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி. மற்ற மூவரும் படுத்தார்கள். அவள் அந்த வாரம் அம்மாவோடு நடவுக்குப் போயிருந்ததால் தப்பித்தாள்.

"ஆத்துல ஊறுன உடம்பு, அவதான் கொண்டாந்திருப்பா" என்றார் படுத்த மூவரில் ஒருத்தியான மங்களாம்பிகையின் அம்மா. பரிசோதனையில் அம்சவல்லியிடம் ஒன்றுமில்லை.

3

நீச்சல்குளத்தை மூடினார்கள். எழுந்து நடமாடத் தொடங்கியதுமே மங்களாம்பிகை அம்சவல்லியைத் தேடி ஆற்றுப் படித்துறைக்கு வந்தாள்.

"வயித்துப்போக்கு நின்னுபோச்சுடி. இங்கேயே பழகலாம். இல்லன்னா போட்டி அவ்வளவுதான்."

"நின்னாலும் உடம்புலேருந்து அந்த முட்டை வந்துட்டே இருக்கும், ரெண்டு வாரம் தண்ணியில இறங்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாருல்ல? கீழ எங்க தெரு முழுக்க இதைத்தான் குடிக்குது."

"ஓடுற தண்ணிடி! எங்கம்மா பேசுனதுக்குப் பழி வாங்குறியா?"

"பழி வாங்குறதா இருந்தா எப்பவோ உன்னை முக்கியிருப்பேன்."

இருவரும் சிரித்தார்கள். கீழ்ப்படியில் அம்சவல்லியின் அம்மா காளியம்மாள் குடத்தை முக்கிக்கொண்டிருந்தார்.

(கூலி நெல் கூட்டிக் கேட்டுச் சேரியே வயலில் இறங்காமல் நின்ற வருடம், மங்களாம்பிகையின் தாத்தா தன் குளத்துப் படியில் தண்ணீர் எடுக்க வந்த காளியம்மாளை மறித்து, "இறங்காதே" என்றாராம். இவ்வளவு பொருத்தம் கதைக்கு ஆகாது என்று அடித்துப் பார்த்தேன். அடித்த பிறகும் அது அங்கேயே இருந்தது, அந்த மணியைப் போல.)

4

முடிவு ஒன்று: அம்சவல்லி அவளை ஆற்றில் இறங்க விட்டுவிடுகிறாள். அணி ஜெயிக்கிறது. கீழ்த்தெருக் குழந்தைகள்—

இல்லை. தடுக்கத்தான் வேண்டும்; கல்லூரி கைவிட்டுப் போனாலும். அதில் அவளுக்கும் சந்தேகமில்லை, எனக்கும் இல்லை.

முடிவு இரண்டு: குறுக்கே கை நீட்டுகிறாள். வாயில் வந்துவிட்ட சொல் அதே சொல். காளியம்மாள் நிமிர்ந்து மகளைப் பார்க்கிறார்.

அந்தத் தாத்தாவின் சொல்லாக ஆகாமல் இதை எப்படிச் சொல்வது? எனக்கு வரவில்லை. உங்களுக்கு வந்தால் சீக்கிரம் சொல்லுங்கள். மங்களாம்பிகை செருப்பைக் கழற்றிவிட்டாள்.