ஆறு பெட்டிகள், ஒன்றும் வெடிக்காது

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையில் ஆறு பெட்டிகள் வருகின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒயர், சர்க்யூட் போர்டு, சிமிட்டும் சிவப்பு விளக்கு. ஆறும் ஒரே நேரத்தில் இயங்க வேண்டும். நொடியில் ஆயிரத்தில் சில பங்கு பிசகினாலும் காரியம் கெட்டது. இருபத்திரண்டு வருடமாக வாரப் பத்திரிகைகளில் தொடர்கதை எழுதுகிறவன் நான். இப்படி ஒரு சரக்கு கையில் சிக்கினால் விரல்கள் தாமாகவே எண்ணத் தொடங்கிவிடும்: பத்து, ஒன்பது, எட்டு...

எண்ண மாட்டேன். எதுவும் வெடிக்காது. பக்கத்தைப் புரட்ட நினைப்பவர்கள் இப்போதே புரட்டிவிடலாம்.

கதை கிடைத்த இடம் தொம்மலூரில் ஒரு பேக்கரி. தோளில் நீல ஒயர்ச் சுருளோடு ஒரு பெண் போனில் யாரையோ மடக்கிக்கொண்டிருந்தாள்: “நல்லா இல்லன்னா சரி. எங்க உக்காந்து கேட்டீங்க, மொதல்ல அத சொல்லுங்க.” டீயைக் குடித்தாள், போய்விட்டாள். எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். மீதி முழுக்க என் புளுகு. இளவேனில் என்று பெயர் வைத்தேன். அடுகோடியில் ஒற்றை அறையும் சமையலறையுமாக ஒரு வீடு கொடுத்தேன். கூடவே ஒரு மாமியாரையும் கொடுத்தேன். அதற்காக அவள் இன்னும் என்னை மன்னிக்கவில்லை.

2

முதல் தொடக்கம்: “அந்த ஞாயிறு காலை பதினொரு மணிக்கு, அடுகோடியின் அந்தக் குறுகிய சந்துக்குள் ஒரு கறுப்புக் கார் சத்தமில்லாமல் நுழைந்து—”

(நுழையாது. அந்தச் சந்தில் இரண்டு ஸ்கூட்டர் எதிரெதிரே வந்தாலே பஞ்சாயத்து.)

இரண்டாவது: “அவள் கையில் பளபளத்தது ஸ்க்ரூ டிரைவர்தான் என்று தெரிந்தபோது ஷ்ரேயாஸுக்குப் போன உயிர்—”

(அடச்சே.)

மூன்றாவது. இது நிற்கும் என்று நினைக்கிறேன்.

இளவேனில் பதினோரு வருடமாகக் கம்பெனிகளின் மீட்டிங் ரூம்களில் ஸ்பீக்கர் மாட்டுகிறாள். ஏணியில் ஏறுவது, சீலிங்கைக் கழற்றுவது, ஒயர் இழுப்பது எல்லாம் அவள். கடைசி ஒரு மணி நேரத்துக்கு மட்டும் என்ஜினீயர் ஷ்ரேயாஸ் வருவார். நடு நாற்காலியில் மைக்கை நிறுத்துவார், லேப்டாப்பைத் தட்டுவார், ‘ட்யூனிங் முடிந்தது’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புவார். கெட்ட மனிதரில்லை.* இப்போது அந்த ட்யூனிங் வேலைக்கு இன்னொரு ஆள் எடுக்கிறார்கள். இளவேனில் மனுப் போட்டாள். ஷ்ரேயாஸ் சிரித்தார். கன்னடக்காரர், தமிழும் பேசுவார்.

“தப்பு திள்கோபேடி இளவேனில், தப்பா எடுத்துக்காதீங்க. ஒயர் இழுக்கறது வேற, காது வேற.”

“ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கு வாங்க சார். கேளுங்க. சரியில்லன்னா மனுவ நானே கிழிச்சுப் போட்டுடறேன். சரியா இருந்தா நீங்க எனக்குக் கையெழுத்துப் போடணும்.”

* கெட்டவராக்கிப் பார்த்தேன். மூன்றாம் வரியிலேயே வில்லன் மீசை முளைத்துவிட்டது. அடித்துவிட்டேன்.

3

கொஞ்சம் விளக்கம் வேண்டும். சுருக்கமாகச் சொல்கிறேன்.

மீட்டிங் ரூம்களில் கழற்றிப் போட்ட ஸ்பீக்கர்களைக் கேட்டு வாங்கி, மரக்கடைத் துண்டுப் பலகையில் அவளே பெட்டி அடித்தாள். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் ஒன்று. ஆறிலிருந்தும் நீல ஒயர் கிளம்பி பீரோ மேலிருக்கும் ஒரு சின்ன டப்பாவில் போய்ச் சேரும். முதல் பெட்டி நேரம் சொல்லும், மற்ற ஐந்தும் அதன் கடிகாரத்தைப் பார்த்து நடக்கும். ஆனால் அது பாதி வேலைதான். ஒலி ஓர் அடி கடக்க ஏறக்குறைய நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிடிக்கும். அதனால் கிட்டே இருக்கும் பெட்டி, தூரத்துப் பெட்டிக்காகக் காத்திருந்து பேச வேண்டும். எவ்வளவு காத்திருப்பது? கேட்கிறவர் இருக்கும் இடத்தில் மைக்கை வைத்து அளந்து சொல்ல வேண்டும். இதற்குப் பெயர்தான் ட்யூனிங்.

கேட்கிறவர் இருக்கும் இடம். இதை மறந்துவிடாதீர்கள். நான் மறந்துவிட்டேன்.

கேட்பதற்கு என்ன வைத்திருந்தாள்? பாட்டு இல்லை. ஒரு நாள் இருட்டும் நேரம் கரண்ட் போனபோது மொட்டை மாடியில் ஆறு திசைக்கு ஆறு மைக் வைத்து, கரண்ட் திரும்பும் வரை காத்திருந்து பதிந்தாள். அடுகோடியில் கரண்ட் வருவதைக் காதால் பார்க்கலாம். தெருமுனைக் கிரைண்டிங் பட்டறை முதலில் உறுமும். அடுத்து லேத். பின்னால் மாவு மில். பஞ்சர் கடைக் கம்ப்ரஸர். கடைசியில் எதிர்வீட்டு மிக்ஸி. ஒவ்வொன்றாக விழித்து வீட்டைச் சுற்றி வரும்.

4

“சார், பொணம் எங்க?” என்றார் பத்திரிகையின் உதவி ஆசிரியர் ஹரிஷ்குமார், இதுவரை படித்துவிட்டு.

“இல்லீங்க.”

“கரண்ட் ஷாக்காவது?”

“கிடையாது.”

“ஆறு பெட்டி, ஆளுக்கொரு ஒயர், ஒரு மாமியார். இத்தன சாமான் வெச்சிக்கிட்டு ஒருத்தரும் சாகலன்னா வாசகர் நம்மள சும்மா விடுவாரா?”

விட வேண்டாம். மேலே போகிறேன்.

5

ஷ்ரேயாஸ் வந்தார். செருப்பைக் கழற்றினார். இளவேனில் வாய் திறப்பதற்குள் மாமியார் அம்புஜம் தனக்குத் தெரிந்த கன்னடத்தோடு முந்திக்கொண்டாள்.

“பன்னி சார், கூத்கொள்ளி! வாங்க, இங்க பேனுக்குக் கீழ உக்காருங்க.” வீட்டின் ஒரே நாற்காலியை இழுத்துப் போட்டாள். நான்காம் பெட்டியை ஒட்டி.

டீ வந்தது. பிஸ்கட் வந்தது. இளவேனில் வழக்கம்போல் சமையலறை வாசலில் நின்றுகொண்டு ஓடவிட்டாள்.

அவள் முகம் மலர்ந்தது. அவர் முகம் மலரவில்லை.

“ஆறு சேனல், ஆறு பக்கமும் தனித்தனியா சத்தம் வரும்னு சொன்னீங்க. எனக்கு இந்த ஒரு பெட்டிதான் கேக்குது. மத்த அஞ்சும் சும்னே உக்காந்திருக்கு.”

இந்த இடத்தில் நானும் திகைத்துப் போனேன். முந்தைய பிரதியில் அவர் அசந்து எழுந்து கை தட்டியிருந்தார். இளவேனில் தரையைப் பார்த்தாள். காலடியில் ஒரு சாக்பீஸ் குறி. நாலு மாதமாக மைக்கை நிறுத்தி அளந்த இடம். அந்த வீட்டில் அவள் இருக்கும் இடம் அதுதான். குக்கரையும் பார்த்துக்கொண்டு, வந்தவர்களுக்குப் பதிலும் சொல்லிக்கொண்டு நிற்கிற இடம். நாற்காலியில் உட்கார்ந்து அவள் எதையும் கேட்டதே கிடையாது. அதனால் அங்கே அளக்கவும் தோன்றவில்லை.

ஷ்ரேயாஸுக்கும் குறி கண்ணில் பட்டது. கெட்ட மனிதரில்லை என்று சொன்னேனே.

“ஓ, அங்கயா அளந்தீங்க? பரவாகில்ல. மைக்கை இங்க கொண்டாங்க, மறுபடி அளந்துடுங்க. அஞ்சு நிமிஷம். நான் கையெழுத்து போட்டுடறேன்.”

6

முடிந்தது கதை! மைக்கை நகர்த்து, வேலையை வாங்கு, வணக்கம். நான் எழுதியும்விட்டேன்: “இளவேனில் மைக்கைத் தூக்கிக்கொண்டு நாற்காலியை நோக்கி—”

அவள் நகரவில்லை.

“மாட்டேன் சார்.”

“ஏன்?”

“பதினோரு வருசமா எத்தன ரூம் மாட்டியிருக்கோம்? எல்லாம் நடு நாற்காலிக்கு. எம்.டி. உக்கார்ற நாற்காலிக்கு. டீ கொண்டாந்துட்டு செவுத்தோரமா நிக்கறவங்களுக்கு என்னா கேக்குதுன்னு ஒருத்தராச்சும் மைக் வெச்சுப் பாத்திருக்கோமா? தெரியாமதான் இங்க அளந்தேன். இப்ப தெரிஞ்சே சொல்றேன். இது என் வீடு. என் காது இங்கதான் இருக்குது. நீங்க எந்திரிச்சு நாலடி வாங்க.”

“அடியே!” அம்புஜம் பதறினாள். “வந்த மனுசன அடுப்பங்கரையில நிக்க வெப்பியா? புத்தி கெட்டுப்போச்சா உனக்கு?”

“நான் நிக்கறேன்ல அத்தை?”

“நீயும் அவரும் ஒண்ணாடி?”

“அதத்தான் கேக்கறேன்.”

நானும் அவளிடம் மன்றாடினேன். கையெழுத்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதம்மா, அந்தக் கம்பெனியில் இந்த வேலைக்கு ஆள் எடுப்பதே அபூர்வம் என்றேன். “நீங்க யாருக்கு எழுதறீங்க? உக்காந்திருக்கறவருக்குத்தானே?” என்றாள். எழுதிய வரியை அடித்தேன்.

பதிவை மறுபடி ஓடவிட்டாள். அடுப்பைக் குறைக்கலாம் என்று முணுமுணுத்துக்கொண்டே எழுந்த அம்புஜம், மருமகளை இடித்துக்கொண்டு சமையலறை வாசற்படியைத் தாண்டும்போது நின்றாள். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கிரைண்டிங் பட்டறை. லேத். மாவு மில்.

“ஐய, கரண்ட் வந்திடுச்சு!” என்று மிக்ஸி சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினாள்.

கரண்ட் போகவே இல்லை. தலைக்கு மேல் பேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

இளவேனில் சிரிக்கவில்லை. ஷ்ரேயாஸைப் பார்த்தாள். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். இரண்டு கைகளும் நாற்காலிக் கைகளைப் பிடித்தன.

7

மூன்று முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன். எழுந்து வருகிறார், கேட்கிறார், கையெழுத்துப் போடுகிறார். இது ஒன்று. பிடித்த கைகளைத் தளர்த்தி, பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு, “அடுத்த வருஷம் பாக்கலாம்” என்கிறார். இது இரண்டு. மூன்றாவதில் ஹரிஷ்குமாருக்காக ஒரு வெடிச்சத்தம் வைத்தேன். அது பஞ்சர் கடை டியூப் என்று தெரிந்ததும் எனக்கே பிடிக்கவில்லை.

மூன்றையும் அச்சுக்குத் தர மாட்டேன். அந்த நாற்காலியிலிருந்து அவரை எழுப்புவது என் வேலை இல்லை. ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்வேன்: அவர் எழுந்தாலும் எழாவிட்டாலும் சாக்பீஸ் குறி அதே இடத்தில் இருக்கும். நானும் மைக்கை நகர்த்த மாட்டேன்.

இவ்வளவு நேரம் நீங்களும் உட்கார்ந்தபடிதான் கேட்டீர்கள் இல்லையா? பேனுக்குக் கீழே, நான்காம் பெட்டியை ஒட்டி. நாலடிதான். இளவேனில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டு நிற்கிறாள். பதிவை முதலிலிருந்து வைத்துவிட்டாள். இருட்டில் கிடந்த சந்து, தெருமுனையில், அதோ, முதல் மோட்டார்—